நட்சத்திரம் போட்ட பத்துப் பைசா

எங்கள் பங்குக் கோயில் மாதா திருவிழாவுக்குக் கொடி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஆகஸ்ட் ஆறாம் தேதி சாயங்காலம் ஊரார் பேண்டு வாத்தியத்தோடு வந்து எங்கள் வாசலில் நிற்பார்கள். வீட்டுக்கு மூத்தவன் கொடியைத் தாம்பாளத்தில் வைத்து இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பான். என் தாத்தா ஏந்தினார். என் அப்பா ஏந்தினார். 1951இலிருந்து நான் ஏந்தினேன்.

இதற்குச் சாசனம் எதுவும் கிடையாது. நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தில் இல்லாத உரிமை எவ்வளவு மெலிந்தது என்பது எனக்குத் தெரியும். இந்த உரிமையைத் தாங்கி நின்றது ஒரே ஒரு வழக்கம்: கொடி கொடுக்கும் வீட்டைப் பற்றி ஊரில் ஒரு சொல் எழக்கூடாது. எழுந்தால் கொடி வேறு இடத்துக்குப் போய்விடும்.

1980ஆம் வருடம் ஜூலை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சொல் எழுந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குப் புதிதாக வந்திருந்த மரக்கடை இன்னாசிமுத்து வந்தான். கூடவே கோயில் உபதேசியாரும் இன்னொருவரும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஐயா, ஒரு விஷயம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பா இருந்தா தப்பாத்தான் எடுத்துக்குவேன். சொல்லு."

அவன் உபதேசியாரைப் பார்த்தான். உபதேசியார் தரையைப் பார்த்தார்.

"சின்னையா காணிக்கை எண்ணுறப்ப காசு எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிறாரு. ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லலை. மூணு வாரமா நானே பக்கத்துல உக்காந்து பார்த்தேன்."

சின்னையா என்றது என் தம்பி அற்புதசாமியை. கல்லூரி ஆபீசில் ரிக்கார்டு கிளார்க்காக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறான். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் காணிக்கைப் பைகளைக் கொட்டி எண்ணும் மூன்று பேரில் அவன் ஒருவன்.

நான் பதில் சொல்வதற்குள் அவனே கையில் காப்பி டம்ளரோடு நிலைப்படியில் வந்து நின்றான்.

"ஆமா, எடுத்தேன்" என்றான்.

"எவ்வளவுங்க?" என்று கேட்டான் இன்னாசிமுத்து.

"இன்னைக்கு ரெண்டு. போன வாரம் ஒண்ணு. அதுக்கு முந்தின வாரம் நாலு."

"நாலு ரூபாயா?"

"நாலு பத்துப் பைசா."

கூட வந்தவர் சிரித்துவிட்டார்.

"எழுபது பைசாவுக்கு மூணு பேர் என் வீட்டுப் படி ஏறியிருக்கீங்களா?"

"எவ்வளவுங்கிறது பத்திர ஆபீசுல கேக்குற கேள்விங்கய்யா. இது காணிக்கை. கூலிக்காரப் பொம்பளை முந்தானையில முடிஞ்சு வச்சுப் போட்ட காசு. அதுல பத்துப் பைசா என்ன, பத்தாயிரம் என்ன?"

அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் கோபம் கூடியது. "என் வாசல்ல நின்னுக்கிட்டு மேற்கொண்டு பேசாதே, போ" என்றேன்.

"போறேங்க. இருபத்தேழாம் தேதி பேரவை கூடுது. பங்குச் சாமி முன்னால சின்னையா சொல்லட்டும். ஆறாம் தேதி கொடி இருக்கு, அதுக்கு முன்னால தீர்ந்துட்டா உங்களுக்கும் நல்லது."

அவர்கள் போன பிறகு என் மனைவி பாக்கியமேரி அடுக்களையிலிருந்து வந்தாள். "தம்பி, அதை எதுக்கு எடுத்தீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"எடுத்தீங்களான்னு கேட்டாங்க அண்ணி. எதுக்குன்னு யாரும் கேக்கலையே."

நான் கேட்டேன். அவன் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் காசு சேர்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஒருவன் மூக்குப்பொடி போடுவது தெரிவதுபோலத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்ததில்லை. பழைய காலண்டர் அட்டைகளில் வட்ட வட்டமாகத் துளை வெட்டி, பின்னால் கண்ணாடித்தாள் ஒட்டி, துளைக்கு ஒரு காசாகப் பதித்து வைத்திருந்தான். பதினோரு அட்டைகள். ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான்.

நேரு இறந்த வருடம் வந்த ரூபாய்க் காசு இரண்டு. ஒன்றில் பெயர் ஆங்கிலத்தில், மற்றதில் இந்தியில். பித்தளை இருபது பைசாக்கள் மூன்று. முதலில் வெறும் தாமரை. நூற்றாண்டு வந்ததும் தாமரை போய்க் காந்தி முகம். பிறகு மறுபடி தாமரை, ஆனால் இந்த முறை மேலே சூரியன். சுதந்திர வெள்ளி விழாவின் ஐம்பது பைசா. விளைச்சலைப் பெருக்கச் சொல்லும் கோதுமைக் கதிர். தாயும் தகப்பனும் பிள்ளைகளுமாகக் குடும்பக் கட்டுப்பாட்டுக் காசு.

"இது கோயில் பையில வந்தப்ப பழைய பங்குச் சாமிக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. 'குடும்பக் கட்டுப்பாடு பாவம்னு சொல்ற கோயில்ல எவன்டா இதைக் காணிக்கை போட்டது'ன்னு. நான் உடனே எடுத்துக்கிட்டேன். அவருக்கும் நிம்மதி" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாம் காசுதானேடா. இதுல என்ன இருக்கு?"

"வருசா வருசம் படத்தை மாத்துறாங்கண்ணே. கடையில வாங்குறவன் பாக்குறதில்ல, கொடுக்குறவன் பாக்குறதில்ல. எவ்வளவுன்னு மட்டும்தான் பாக்குறாங்க. ஒருத்தன் உக்காந்து வரைஞ்சிருக்கான். யாராச்சும் ஒருத்தராவது பாக்க வேணாமா?" கடைசி அட்டையை எடுத்தான். "இது போன வருசம் வந்தது. குழந்தைகள் ஆண்டு. மூணு ஊர்ல அச்சடிச்சாங்க. வருசத்துக்குக் கீழ பாருங்க. ஒண்ணும் இல்லேன்னா கல்கத்தா. சின்ன டைமண்டு இருந்தா பம்பாய். நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத்."

விளிம்பு வளைந்து வளைந்து வரும் அலுமினியப் பத்துப் பைசா. கண்ணாடியைக் கழற்றி, மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தேன். கடுகில் பாதி அளவு நட்சத்திரம்.

"இது எங்க கிடைச்சுது?"

"கோயில்லதான். மே மாசம். ஒரு வருசமாத் தேடுனேன்."

"அதுக்குப் பதில் காசு போட்டியா?"

"போடாம எடுப்பேனா? பூசையில பை வர்றப்பவே ரெண்டு ரூபாயைப் பத்துப் பைசாவா மாத்திப் போட்டுடுவேன். இருபது காசு. எந்த வாரமும் அஞ்சுக்கு மேல எடுத்ததில்ல. கணக்குப் பார்த்தா கோயிலுக்குத்தான் மிச்சம்."

"மடையா! அதை எண்ணுற மேசையில, எல்லார் கண்ணு முன்னாலயும் போட்டுட்டு எடுக்க வேண்டியதுதானே?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது.

"பீடத்துக்குப் பின்னால உக்காந்து காசு மாத்தச் சொல்றீங்களா? ஆண்டவர் சாட்டையை எடுத்து, கோயில்ல காசு மாத்துனவங்க மேசையைக் கவுத்தது உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கொடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கொடுப்பது வலது கையென்றால் இடது கைக்குத் தெரியக் கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். பைக்குள் கையை விட்டு மூடிய விரல்களைச் சத்தமில்லாமல் திறப்பான். எடுத்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். சாட்சி சொல்ல நானாவது இருந்திருக்கலாம். ஆனால் நான் கொடி வீட்டுக்காரன் என்று முதல் பெஞ்சில் உட்காருகிறவன். அவன் கடைசியில், தூணோரம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஞாயிறு நான் திரும்பிப் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்று முடிவு செய்தேன். அற்புதசாமி மாதம் ஒரு முறை ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் காசு பரிமாறிக்கொள்ளும் நண்பர் ஒருவர் உண்டு, வரது என்று பெயர். பாங்கில் காஷியராக இருந்தவர். இவன் ஒன்றையும் விற்றதில்லை, லாபத்துக்கு எடுத்தவனில்லை என்று அவர் கைப்பட எழுதித் தந்தால் போதும். பாங்குக்காரர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

மறுநாள் காலை மெயின்கார்டு கேட்டில் பஸ் ஏறினேன். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பாலத்தில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. ஒருவரிடம் போய் என் தம்பி திருடனில்லை என்று எழுதித் தரக் கேட்கும் நிலை வந்துவிட்டதே என்று குன்றிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை வீதியில் வீடு. நெற்றியில் திருமண்ணோடு அவரே வந்து கதவைத் திறந்தார்.

"அற்புதசாமியோட அண்ணாவா! வாங்கோ, வாங்கோ. வேதவதி, யார் வந்திருக்கா பாரு. நம்ம ஆத்துக்கு வரணும்னு தோணித்தே உங்களுக்கு!"

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபோது இருந்த சிரிப்பு, முடித்தபோது அவர் முகத்தில் இல்லை.

"அவரையா அப்படிச் சொன்னா? நான் பாங்குல இருந்தவன். புதுக் காசு மூட்டை பிரிக்கறச்சே எனக்குத்தான் முதல்ல கண்ல படும். அவருக்கு அந்த வசதி கிடையாது. பாவம், உண்டியல் காசுல பொறுக்கிண்டிருந்தார். ஆனா சத்தியமாச் சொல்றேன், ஒரு காசை வித்ததில்லை அவர்."

"அதை எழுதித் தர முடியுங்களா?"

"பேஷாத் தரேன். இதைவிட எனக்கு என்ன வேலை?"

உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்தார். முத்து முத்தாக எழுத்து. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். ஆயுளெல்லாம் பத்திரம் படித்தவனுக்கு எந்த வரியில் கண் நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. 'சென்ற மே மாதம் அவருக்குக் கிடைத்த ஹைதராபாத் முத்திரைப் பத்துப் பைசாவுக்கு நான் ஐந்து ரூபாய் தருவதாகச் சொல்லியும் அவர் விற்க மறுத்துவிட்டார்.'

"பத்துப் பைசாவுக்கு அஞ்சு ரூபாயா?"

"எனக்கு அது ஒண்ணுதான் பாக்கி. பத்தே கொடுத்திருப்பேன். அவர் மாட்டேன்னுட்டார். அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

"இந்த வரியை மட்டும் விட்டுட முடியுங்களா?"

அவர் காகிதத்தை வாங்கி மறுபடி படித்தார். எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"அதை எடுத்துட்டா இதுல என்ன இருக்கு? நல்ல மனுஷர்னு இருக்கும். அதை யார் வேணாலும் எழுதுவா. விலை சொல்லியும் விக்கலைங்கறதுதானே சாட்சி?"

அவர் சொன்னது சரி. அந்த வரி இருந்தால்தான் என் தம்பி ஆசைக்காரனில்லை என்று ருசுவாகும். அதே வரி இருந்தால், கோயில் மேசையிலிருந்து அவன் எடுத்தது ஐந்து ரூபாய்க் காசு என்றும் ருசுவாகும். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வேறு வழி இல்லை.

இருபத்தேழாம் தேதி பங்குச் சாமியின் அறையில் கூடினோம். பன்னிரண்டு பேர். அற்புதசாமி துவைத்த சட்டை போட்டு, பதினோரு அட்டைகளையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். இரண்டு ரூபாய் போடுவதைச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவுமில்லை, தலையாட்டவுமில்லை. சாமி வரதுவின் கடிதத்தை உரக்கப் படித்தார். அந்த வரி வந்ததும் அறையில் நாற்காலிகள் நகர்ந்தன.

இன்னாசிமுத்து எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"சின்னையா, அந்த அஞ்சு ரூபாய்க் காசு கோயிலுக்கு வந்ததா, உங்களுக்கு வந்ததா?"

"பத்துப் பைசாவாத்தான் வந்துச்சு" என்றான் தம்பி.

"எடுத்தப்ப?"

"பத்துப் பைசாவாத்தான் எடுத்தேன்."

"அப்ப அஞ்சு ரூபா எங்கேர்ந்து வந்துச்சு?"

அற்புதசாமி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அது வரதுவோட ஆசையிலேர்ந்து வந்துச்சு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சாமிகூடச் சிரித்தார். அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் சாமி சொன்னார்: "அற்புதசாமி திருடலை. எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ஊருக்குச் சொல்ல எனக்கு ஏதாவது வேணும். கொடி விஷயம் அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

ஊருக்குச் சொல்ல ஏதாவது வேண்டும். அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுவதும் அது என்னோடு இருந்தது. சனிக்கிழமை தம்பியைக் கூப்பிட்டேன்.

"எடுத்த காசெல்லாம் நாளைக்குக் கோயில் பையில போட்டுடு. ஊருக்குச் சொல்ல அது போதும்."

"எல்லாமா?"

"கோயில்லேர்ந்து எடுத்தது."

"எது கோயிலுது, எது பஸ்ஸுல வந்தது, எது வரது கொடுத்ததுன்னு எப்படிண்ணே பிரிக்கிறது? நான் எழுதி வைக்கலையே."

"அப்ப எல்லாத்தையும் போடு."

பாக்கியமேரி, "என்னங்க, வேணாங்க" என்றாள். நான் அவளைப் பேச விடவில்லை. என் பேச்சை அவன் ஒருபோதும் மீறியவனில்லை. மத்தியானம் முழுவதும் அறையில் உட்கார்ந்து, துளையின் பின்னால் விரலை வைத்துத் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்தான். அலுமினியம் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் கூடம் வரை கேட்டது.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி பூசையில் நான் முதல் பெஞ்சில் உட்காரவில்லை. அவனோடு தூணோரம் உட்கார்ந்தேன். பை வந்தது. அவன் ஒரு கைக்குட்டை மூட்டையை அவிழ்த்துப் பைக்குள் கவிழ்த்தான். பை பிடித்திருந்தவனின் கை தாழ்ந்தது. சன்னல் பக்கத்து வரிசை வரை எல்லாத் தலைகளும் திரும்பின. இந்த முறை அவன் கொடுத்ததை ஊரே பார்த்தது.

எண்ணுகிற அறையில் நடந்ததை அன்று சாயங்காலம் உபதேசியார் வந்து சொன்னார்.

"கொட்டுனதும் ஆளாளுக்கு ஆசையாப் பார்த்தாங்க. நேரு காசை ரெண்டு பேரு பேரப்பிள்ளைக்குன்னு மாத்திக்கிட்டாங்க. பித்தளைக் காசும் போயிடுச்சு. மேசை மேல சரிக்குச் சரி வச்சுட்டுத்தான் எடுத்தாங்க, குத்தம் சொல்ல முடியாது."

"நட்சத்திரம் போட்ட பத்துப் பைசா?" என்று அற்புதசாமி கேட்டான்.

"அது என்னது? பத்துப் பைசாவெல்லாம் அம்பது அம்பதாக் காகிதத்துல சுருட்டி, பாங்குக்குப் போற மூட்டையில போட்டுச் சீல் வச்சாச்சு."

"கொடி?" என்று நான் கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாமி உங்க பக்கம்தாங்கய்யா இருந்தாரு. இது நடந்த பிறகு அவரால பேச முடியலை. 'எடுக்கலேன்னா ஏன் திருப்பிப் போடணும்? அதுவும் இம்புட்டா?'ன்னு எல்லாரும் கேக்குறாங்க. கொடி இந்த வருசம் கன்னியர் மடத்துலேர்ந்து வரட்டும்னு முடிவாயிடுச்சு. வேற வீடுன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சாமிதான் அப்படிச் செஞ்சாரு."

சாமி நல்ல மனதோடு செய்தார். ஆனால் இன்னாசிமுத்து வீட்டுக்கே கொடுத்திருக்கலாம். வீடு என்றால் ஒரு நாள் அங்கேயும் ஒரு சொல் எழும், உரிமை திரும்பி வரும். மடத்தைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்?

ஆறாம் தேதி பேண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போனது; மடத்துக்குப் போக வேறு பாதை இல்லை. வாசலில் நிற்காமல் கடந்தது. "அண்ணே, சன்னலைச் சாத்திடட்டுமா?" என்று அற்புதசாமி கேட்டான். திறந்தே இருக்கட்டும் என்றேன். தெருவில் போனவர்கள் நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

ஆறு வருடம் ஆகிறது. கொடி மடத்திலிருந்துதான் போகிறது. அற்புதசாமியைப் பிறகு எண்ணக் கூப்பிடவில்லை. நான் இப்போது தூணோரம்தான் உட்காருகிறேன். பை வரும்போது அவன் இன்றும் இருபது பத்துப் பைசாக்களைச் சத்தமில்லாமல் போடுகிறான். இப்போது நான் பார்க்கிறேன். என் சாட்சியை யாரும் கேட்பதில்லை.

சென்ற மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் குழந்தைகள் ஆண்டுப் பத்துப் பைசா ஒன்று வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். வருடத்துக்குக் கீழே நட்சத்திரம். வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கொடுத்தேன். சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"நல்ல காசுண்ணே. செலவுக்கு வச்சுக்கங்க."

அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. செலவு செய்யவும் முடியவில்லை, ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் வரதுவிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. சில்லறை வாங்கும்போதெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள், பெரியவர் காசு சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.